விரல் தயாரிப்பில் உள்ளது

ஐம்பத்திரண்டு நாள், தினமும் காலையில் என்னோடு டீ குடித்த ஒரு மனிதரை, அன்று மாலையே "வேலைக்கு வரவில்லை" என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அப்போது நான் ஒரு பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். யார் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்று குறிப்பதுதான் என் வேலை. பதவியின் பெயர்தான் பெரிது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், அவ்வளவே. ஜன்னலுக்கு நேர் எதிரே, பேருந்தை மேலே நிறுத்தி அடியில் நின்று வேலை பார்ப்பதற்கான குழி. அந்தக் குழிக்குள் நிற்பவர்தான் நான் சொல்லும் மனிதர். டீசல் அண்ணன் என்று கூப்பிடுவோம். கூப்பிட்டால் உள்ளேயிருந்து குரல் வரும். ஆனாலும் அவர் வரவில்லை.

காரணம், ரேகை மெஷின். பழைய கையெழுத்து நோட்டை எடுத்துவிட்டு, வாசலில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார்கள். விரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும், ஒரு பெண் குரல் "நன்றி" என்று சொல்லும். ஓட்டுநர்களுக்குச் சொன்னது, நடத்துநர்களுக்குச் சொன்னது, எனக்கும் சொன்னது. மற்ற மெக்கானிக்குகளும் பேண்ட்டில் இரண்டு தேய் தேய்த்து எப்படியோ உள்ளே போய்விட்டார்கள். டீசல் அண்ணன் விரலை வைத்தால் மட்டும் "மீண்டும் முயற்சி செய்யவும்" என்றது. அவர் பொறுமைசாலி. பத்து விரலையும் வைத்துப் பார்ப்பார். பத்துக்கும் ஒரே பதில்தான். பிறகு குழியில் இறங்கி வேலையைப் பார்ப்பார்.

பன்னிரண்டாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. முன் அனுமதி இல்லாமல் தொடர்ந்து பணிக்கு வராமல் இருப்பதற்குப் பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். அதைக் குழியருகே கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். அவர் மேலே ஏறி வந்து, "பெற்றுக்கொண்டேன்" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மறுபடி இறங்கினார்.

அவர் மனைவி பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆய்வகப் பணியாளர். ஊழியர்களும் பிள்ளைகளும் லேப் அக்கா என்றுதான் சொல்வார்கள். இருபத்துமூன்று வயதில் அந்தப் பள்ளியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். ஒருநாள் தலைமை ஆசிரியை வராந்தாவில் வந்து நின்று, "பாட்டில் மேல ஒட்டியிருக்கறதைப் படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். பத்தாவது வரை படித்திருந்த இவர் துடைப்பத்தைக் கீழே வைத்தார். அன்றைக்கு வைத்ததுதான், திரும்ப எடுக்கவில்லை. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடங்களில் ஏழு வேதியியல் ஆசிரியைகள் வந்து போனார்கள். உடைந்த கண்ணாடிக் குடுவை மொத்தம் இரண்டு. அதில் ஒன்று இவர் விடுப்பில் இருந்தபோது உடைந்தது.

அதிகம் பேச மாட்டார். பேசுவதற்குப் பதில் எழுதி ஒட்டுவார். வீட்டில் உப்பு டப்பாவில் "உப்பு" என்று தேதியோடு ஒட்டியிருக்கும். கல்யாணமான முதல் வாரத்திலேயே கணவர் கையைப் பார்த்துவிட்டு, ஒரு துண்டில் "முகம்" என்றும் இன்னொன்றில் "கை" என்றும் நூலால் தைத்தார். சுவிட்சைப் புறங்கையால்தான் போட வேண்டும், கதவை முழங்கையால்தான் திறக்க வேண்டும் என்று முடிவானது. டீசல் அண்ணன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நாளடைவில் எங்கே போனாலும் முழங்கையாலேயே கதவைத் திறந்தார். கை குலுக்க வருகிறவர்களுக்கும் முழங்கையையே நீட்டுவார். புதிதாகப் பார்ப்பவர்கள் கையில் அடிபட்டிருக்கிறது என்று நினைத்து நலம் விசாரிப்பார்கள். மகள் பிறந்தபோதுகூட ஒரு போர்வையை நடுவில் வைத்துத்தான் தூக்கினார். அந்த மகள் வளர்ந்து, படித்து, வேறு ஊரில் வேலைக்கும் போய்விட்டாள்.

கடிதத்தை லேப் அக்கா இரண்டு முறை படித்தார்.

"நீங்க வேலைக்குத்தானே போறீங்க?"

"பின்ன எங்க போறேன்?"

"வரலைன்னு போட்டிருக்கே."

"மெஷின் அப்படிச் சொல்லுது."

"மெஷின் எதுக்கு உங்க மேல பொய் சொல்லணும்?"

இருபது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியும், தினமும் காலை ஏழு மணிக்கு இந்த மனிதர் எங்கே போகிறார் என்று தான் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லையே என்று அன்றுதான் லேப் அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. இதை அவரே பின்னால் என்னிடம் சொன்னார்.

திங்கட்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பணிமனைக்கு வந்தார். முதலில் என் ஜன்னலுக்கு வரவில்லை. நேராகக் குழிக்குப் போய்க் குனிந்தார்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

அதன்பிறகுதான் மேனேஜரைப் பார்க்க வந்தார். எங்கள் மேனேஜர் நல்லவர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். யாருக்காகவும் எதையும் செய்யாதவர்.

"அம்மா, அவர் வரலைன்னு நான் சொல்லவே இல்ல. தினம் பாக்கறேன். சனிக்கிழமைகூட ரெண்டு வண்டிய ரெடி பண்ணிக் கொடுத்தாரு. ஆனா மெஷின்ல ஏறல. ஏறலைன்னா வரலைன்னுதான் அர்த்தம்."

"அப்ப அந்த ரெண்டு வண்டிய யாரு ரெடி பண்ணாங்க?"

"அவருதான்."

"வராதவரா?"

மேனேஜர் தண்ணீர் குடித்தார்.

லேப் அக்கா மெஷினைக் காட்டச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். "லேப் நோட்டுல எழுதி வெச்சுட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன்" என்று, நாங்கள் யாரும் கேட்காமலே சொன்னார். கணவரை வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு நிறுத்தி, ஒவ்வொரு விரலாகப் பார்த்தார்.

"ரேகையே தெரியல. பள்ளத்துல எல்லாம் கருப்பு ரொம்பி, ரோடு போட்ட மாதிரி ஒரே மட்டமாக் கிடக்கு. எதுல கழுவறீங்க?"

"முதல்ல டீசல்ல. அப்புறம் துணி துவைக்கற பவுடரும் மணலும் போட்டுத் தேய்ப்பேன்."

"எத்தனை வருஷமா?"

"இருபத்தொம்பது."

தோல் வெடித்து, வெடிப்புக்குள் கருப்பு புகுந்து, மேலே தோல் மூடி, மறுபடியும் வெடித்திருந்தது. லேப் அக்கா கண்ணாடியை மூடிப் பைக்குள் போட்டார். "தம்பி, இதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கடையில் விற்கும் கை கழுவும் பசை ஒன்றை முதலில் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். கருப்பில் கொஞ்சம் போனது. வெடிப்பில் பட்டதும் டீசல் அண்ணன் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே நான்கு முறை நடந்தார். லேப் அக்கா டப்பாவைத் திருப்பி, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படித்தார். பாதி புரிந்தது. மீதியை வேதியியல் டீச்சரிடம் கேட்டு, இப்படியொரு பசையை வீட்டிலேயே செய்ய முடியுமா என்றும் விசாரித்தார்.

டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். "அக்கா, காஸ்டிக் சோடா போட்டா சோப்பு கட்டியா வரும். பொட்டாஷ் போட்டா குழம்பு மாதிரி வரும். உங்களுக்கு ரெண்டுக்கும் நடுவுல வேணும், அதனால பொட்டாஷ் நிறைய, சோடா கொஞ்சம். ஆனா லேப்ல இருந்து ஒரு கிராம்கூட எடுக்கக் கூடாது."

"இருபத்திரண்டு வருஷத்துல எடுத்திருக்கேனா?"

"இல்லக்கா. சும்மா சொன்னேன்."

தோலை அரிக்கும் காரமான பொட்டாஷையும் சோடாவையும் ரசாயனக் கடையில் வாங்கினார். கடைக்காரர் எதற்கென்று கேட்டார். "என் வீட்டுக்காரருக்கு" என்று இவர் சொன்னதும் மனிதர் பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். முழு விவரத்தையும் கேட்ட பிறகுதான் கொடுத்தார். மெழுகுவர்த்தி செய்கிறவர்கள் வாங்கும் ஸ்டியரிக் அமிலம் வெள்ளைச் செதில்களாகக் கிடைத்தது. தேங்காய் எண்ணெய், கிளிசரின், வீட்டுத் தராசு, கண்ணுக்குப் போடும் கண்ணாடி, ரப்பர் கையுறை எல்லாம் சமையலறை மேடையில் வரிசையாக வந்து சேர்ந்தன. எல்லாவற்றிலும் பெயர் ஒட்டியாயிற்று.

முதல் ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குக் காரணம் டீசல் அண்ணனின் நல்லெண்ணம். தண்ணீருக்குள் பொட்டாஷைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், பொட்டாஷ் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று லேப் அக்கா மூன்று முறை சொல்லியிருந்தார். அதை அவர் சரியாகவே செய்தார். எந்தப் பாத்திரத்தில் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. எவர்சில்வர் பாத்திரம் மேடையில் இருக்க, அது நல்ல பாத்திரமாயிற்றே, பாழாகிவிடக் கூடாதே என்று பழைய அலுமினியப் பாத்திரத்தில் கரைத்துவிட்டார். அது பொங்கியது. பிறகு சீறியது. பிறகு கருத்தது.

"அடுப்பை அணைங்க! ஜன்னலத் திறங்க! வெளிய வாங்க!"

இருவரும் கண்ணாடியும் கையுறையுமாகப் பால்கனியில் போய் நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஸ்பெஷலா?"

"ஆமா" என்றார் லேப் அக்கா.

அரை மணி கழித்து உள்ளே போனபோது பாத்திரத்தின் அடி பூச்சி அரித்த இலைபோல இருந்தது. அவர் கணவரைத் திட்டவில்லை. அலமாரியைத் திறந்து, மிச்சமிருந்த அலுமினியப் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் "கூடாது" என்று எழுதி ஒட்டினார்.

அடுத்த ஞாயிறு ஒழுங்காக நடந்தது. எண்ணெயையும் ஸ்டியரிக் செதிலையும் உருக்கி, காரத் தண்ணீரை ஊற்றியதும் மொத்தமும் சட்டென்று இறுகி, மசித்த உருளைக்கிழங்குபோல ஆகிவிட்டது. கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இந்தப் பாத்திரத்தை இறக்கி நான்கு மணி நேரம் வேக வைக்க வேண்டும். அரை மணிக்கொரு முறை கிளற வேண்டும். இருவரும் முறை போட்டுக் கிளறினார்கள். டீசல் அண்ணனுக்கு இது பழகிய வேலைபோல இருந்ததாம். கெட்டியான கிரீஸைக் கிளறுகிற அதே கை வாகு. மூன்றாவது மணி நேரத்தில் கட்டிகள் கரைந்து, மெழுகு மாதிரி பளபளப்பு வந்தது. லேப் அக்கா ஒரு துளியைத் தட்டில் எடுத்து, டீச்சரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்த பினாப்தலீனைச் சொட்டினார். ரோஜா நிறம் வந்தது.

"நல்லாருக்கே கலர்" என்றார் டீசல் அண்ணன்.

"நல்லால்ல. காரம் இன்னும் இருக்கு. இப்ப இதைக் கையில போட்டா தோல் கழண்டு வரும்."

இன்னொரு மணி நேரம் வெந்தது. அப்புறம் நிறம் வரவில்லை. கிளிசரினும் இன்னும் கொஞ்சம் ஸ்டியரிக்கும் சேர்த்துக் கடைந்து, மூடி போட்ட வாளியில் நிரப்பினார். டீசல் அண்ணன் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இப்ப கழுவலாமா?"

"மூணு வாரம் ஊறணும்."

"மூணு வாரமா? விளக்கம் கொடுக்க நாளையோட கெடு முடியுது."

லேப் அக்கா வாளி மேல் தேதி எழுதி ஒட்டிவிட்டு, ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தார். அந்த விளக்கக் கடிதம் மறுநாள் என் மேசை வழியாகத்தான் போனது. வரிக்கு வரி எனக்கு நினைவிருக்கிறது. "நான் தினமும் பணிக்கு வந்துகொண்டிருக்கிறேன். என் விரல் மட்டும் வந்து சேரவில்லை. விரல் தற்போது தயாரிப்பில் உள்ளது. அதற்கு இருபத்தொரு நாள் ஊறும் காலம் தேவைப்படுவதால், அதுவரை அவகாசம் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." கீழே டீசல் அண்ணன் கையெழுத்து.

மேனேஜர் அதைப் படித்தார். என்னைப் பார்த்தார். "மேல அனுப்பு" என்றார். தலைமை அலுவலகத்தில் அதை யார் படித்தார்கள், என்ன நினைத்தார்கள் என்று தெரியாது. ஒன்பதாம் நாள் பதில் வந்தது. விரல் தயாரிப்பதற்காக முப்பது நாள் அவகாசம் வழங்கப்படுகிறது; அதன் முடிவில் விசாரணை.

மூன்று வாரம் கழித்து மூடியைத் திறந்தபோது முத்துச்சிப்பியின் உள்பக்கம்போல மினுமினுப்போடு, விரலால் எடுத்தால் நிற்கிற அளவுக்குக் கெட்டியாக இருந்தது. அது மட்டும் போதாது, அழுக்கைச் சுரண்டி எடுக்கவும் ஏதாவது வேண்டும். குதிகால் தேய்க்கும் நுரைக்கல்லை இடித்துத் தூளாக்கிக் கலந்தார். டீசல் அண்ணன் ஒரு உருண்டை எடுத்து, தண்ணீர் தொடாமல் இரண்டு நிமிடம் தேய்த்துவிட்டுப் பிறகு கழுவினார். வாஷ்பேசினில் இறங்கிய தண்ணீர் தார் மாதிரி கருப்பாக இருந்தது. நான்கு நாள் விடாமல் தேய்த்தார். ஐந்தாம் நாள் காலை, தக்காளி மாதிரி சிவந்த பத்து விரல்களோடு மெஷின் முன்னால் வந்து நின்றார். நாங்கள் எல்லோரும் கூடி நின்றோம். கட்டை விரலை வைத்தார்.

"விரலை வைக்கவும்" என்றது மெஷின்.

அழுத்தி வைத்தார். "விரலை வைக்கவும்."

முன்பு விரல் இருப்பதையாவது ஒப்புக்கொண்டது. இப்போது அதுவும் இல்லை. நுரைக்கல் தூள் கருப்போடு சேர்த்து ரேகையையும் தேய்த்துவிட்டிருந்தது. வீட்டில் லேப் அக்கா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "தப்பு என்னோடதுதான். தூள் பெரிசு" என்றார். அவர் தவறு என்று ஒப்புக்கொண்டதைத் தான் கேட்டது அதுதான் முதல் முறை என்றும், அந்தச் சந்தோஷத்தில் விரல் எரிச்சல் தெரியவில்லை என்றும் டீசல் அண்ணன் என்னிடம் சொன்னார்.

தூளை மெல்லிய துணியில் இரண்டு முறை சலித்தார். அளவைப் பாதியாகக் குறைத்தார். கிளிசரினைக் கூட்டினார். வாரம் முழுவதும் அந்தக் குழைவான பசையால் மட்டும் மென்மையாகக் கழுவி, கையில் எண்ணெய் தடவிப் படுக்கச் சொன்னார். தோல் ஆறியது. ரேகை மெதுவாகத் திரும்ப வந்தது. அவகாசம் முடிய இரண்டு நாள் இருந்தபோது டீசல் அண்ணன் மறுபடி விரலை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

"நன்றி" என்றது பெண் குரல்.

"பரவால்லம்மா" என்றார் டீசல் அண்ணன்.

அன்று சாயங்காலம் வீட்டில் கணவர் கையை வாங்கிப் பார்த்த லேப் அக்கா, கட்டை விரலுக்குக் கீழே ஒரு மச்சத்தைக் கண்டார்.

"இது எப்ப வந்துச்சு?"

"பொறந்தப்பவே இருக்கு."

கொஞ்ச நேரம் கையை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாராம். அதற்கு மேல் என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

விசாரணை அதிகாரி குறித்த நாளில் வந்தார். இன்று விரல் ஏறுகிறது, சரி, முந்தைய ஐம்பத்திரண்டு நாளும் இவர் இங்கே இருந்தார் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். நாங்கள் பார்த்தோம் என்றேன். பார்த்ததெல்லாம் பதிவு ஆகாது என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த லேப் அக்கா எழுந்து வந்தார்.

"சார், ஒவ்வொரு வண்டிக்கும் வேலைச் சீட்டு ஒண்ணு இருக்குமே, அதைக் கொண்டுவரச் சொல்லுங்க."

கொண்டுவந்தோம். எந்த வண்டியில் என்ன பழுது, என்ன செய்தார்கள் என்று தேதியோடு எழுதும் சீட்டு. அதன் ஓரத்தில், பிடித்து எழுதிய இடத்தில், தவறாமல் ஒரு கருப்புக் கட்டை விரல் தடம். ரேகை தெளிவில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. லேப் அக்கா பூதக்கண்ணாடியை அதிகாரியிடம் நீட்டினார். "இப்ப இவர் விரலைப் பாருங்க." எப்போதோ ஒரு தகடு கிழித்த பழைய தழும்பு, அதே இடத்தில், அதே சாய்வில். கருப்பு மூடிக் கிடந்திருந்தால் அந்தத் தழும்பை யாரும் பார்த்திருக்க முடியாது. அதிகாரி ஒவ்வொரு சீட்டாகப் பார்க்க ஆரம்பித்தார். பத்தாவது சீட்டுக்கு மேல் அவருக்கே அதில் ஆர்வம் வந்துவிட்டது; நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நாற்பத்தொன்பது நாளுக்குச் சீட்டு கிடைத்தது. மூன்று நாளுக்குக் கிடைக்கவில்லை. அந்த மூன்று நாளும் டீசல் அண்ணன் வரவில்லை என்றே முடிவானது. அன்று அவர் என்னோடு டீ குடித்ததைச் சொல்லிப் பார்த்தேன். டீக்கடையில் சீட்டு கொடுப்பதில்லை.

அதன்பிறகு மற்ற மெக்கானிக்குகளும் பசை கேட்டார்கள். லேப் அக்கா மாதத்துக்கு ஒரு வாளி செய்து கொடுத்தார். வாளி மேல் "கைக்கு மட்டும்" என்று ஒட்டியிருப்பார். ஒருவன் அதைக்கொண்டு வண்டிக் கண்ணாடியைக் கழுவிக் கீறல் போட்டான். அடுத்த வாளியில் "மனிதக் கைக்கு மட்டும்" என்று இருந்தது.

டீசல் அண்ணனுக்குத்தான் சுத்தமான கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. கதவை இன்னும் முழங்கையால்தான் திறந்தார். அது உடம்போடு ஊறிவிட்டது. ஆனால் வீட்டில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தார். தலையணை உறை, மகளின் பழைய பாடப் புத்தகங்கள், ஜன்னல் திரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் வெள்ளை லேப் கோட்டைத் தானே இஸ்திரி போடுகிறேன் என்று வாங்கினார். அதுவரை வெள்ளைத் துணி எதையும் அவரிடம் கொடுத்ததில்லை. லேப் அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ பேச்சுக் கொடுக்க, இவர் பால்கனிப் பக்கம் திரும்ப, இஸ்திரிப் பெட்டி கோட்டின் முதுகில் தன் வடிவத்தை அப்படியே பழுப்பாகப் பதித்துவிட்டது.

புதுக் கோட்டுக்கு எழுதிக் கொடுங்கள், பள்ளியில் தருவார்கள் என்று டீச்சர் சொன்னார்.

"கிழியலையே" என்றார் லேப் அக்கா. இரண்டு வருடம் அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு ஆய்வகத்தில் நடமாடினார். முதுகில் என்ன என்று பிள்ளைகள் கேட்டால், திரும்பிப் பார்க்காமலே, "வீட்டுல இஸ்திரி போட்டாங்க" என்பார்.